இரண்டாவது வரிசையில் போட்ட துளைகள்

கண்ணு,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை நீ போனில் அனுப்பியிருந்தாய். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ரேவதியின் பக்கத்தில் அப்பா, அம்மா, பெரியப்பா என்று நான்கு வரிக்குப் பெயர்கள். நம் பக்கத்தில் உன் பெயருக்கு மேலே என் பெயர் ஒன்றுதான். அப்பா பெயர் எங்கே என்று போனில் கேட்டேன். "நீதாம்மா என்னிய வளத்த. உன் பேரு போதும். அவரு பேர போட்டு இன்னா ஆவப்போவுது" என்றாய். நான் சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, போன் திரை அணைந்து போகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ரேவதியின் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்கப்பா இன்னா வேலப்பா பண்ணிகினு இருந்தாரு?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஏரோப்ளேன் தகட்டுல தப்பா ஓட்ட போட்டு, மேல ரிவெட்ட அடிச்சு மூடுனவரு மாமா. அதப் பாத்துதான் நான் செக்கிங் வேலைக்கே வந்தேன்" என்றாய். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. "மாப்ள நேர்மையான ஆளு, பெத்தவன்னு கூட பாக்கல" என்று யாரோ சொன்னார்கள். "அப்போ நம்ம வூட்டு சாம்பார்லயும் தப்பு கண்டுபுடிப்பாரு, ரேவதி, உசாரா இரு" என்று அவள் அத்தை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் முகத்தையே கழுவப் பிடிக்கவில்லை.

தப்பாகத் துளை போட்டது உன் அப்பா இல்லை. நான். இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது, அவர் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுதி எழுதி அடிக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ இந்த வேலையில் என்னைவிடப் பெரிய ஆள். கையில் முத்திரை வைத்திருக்கிறாய், நீ குத்தினால்தான் பாகம் வெளியே போகும். ஆனாலும் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன், அப்போதுதான் என் தப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று உனக்கு விளங்கும். நானும் அப்பாவும் முதலில் மாதவரத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட்டில்தான் ரிவெட் அடிக்கக் கற்றோம். அங்கே கணக்கு ஒன்றுதான். ரிவெட்டைத் துளைமேல் வைத்தால் அது தானாக உள்ளே விழ வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் பிட் சின்னது, பெரிய பிட்டைப் போடு. ஒரு நாளைக்கு ஆயிரம் ரிவெட் அடிக்கிறவனுக்கு அழுத்துவதற்கு நேரமில்லை. பஸ் குலுங்கும், நாலு ரிவெட் ஆடும், அடுத்த முறை எப்.சி. சோதனைக்கு வரும்போது வேறு ரிவெட் அடிப்பார்கள். யாரும் சாக மாட்டார்கள்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு உள்ளே இருந்த அந்தப் பட்டறைக்கு வந்தபோது முதல் நாளே சூப்பர்வைசர் இதை மறக்கச் சொன்னார். இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கப் பழகும் சின்ன விமானம், அதன் வால் பகுதித் தகடு நம் பட்டறையில்தான் தயாரானது. அந்தத் தகட்டுக்கு உள்பக்கம் கை போகாது, கண்ணும் போகாது. அதனால்தான் வெளியிலிருந்தே அடிக்கிற பாப் ரிவெட். துப்பாக்கியால் இழுத்தால் உள்ளே அதன் வால் உப்பிக்கொள்ளும், ஆணி டக்கென்று அறுந்து வெளியே வரும். உள்ளே எப்படி உப்பியது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் துளைதான். அதனால் துளையில் ஏமாற்றக் கூடாது என்றார். நாங்கள் அடித்த ரிவெட்டுக்கு முப்பதாம் நம்பர் பிட். மூணேகால் மில்லி. முதலில் சின்ன பிட்டால் ஒரு துளை, பிறகு தகடுகளைக் கவ்வியால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முப்பதால் அகலப்படுத்த வேண்டும், பிசிறு எடுக்க வேண்டும். ரிவெட் விரலால் லேசாகத் தள்ளினால் போக வேண்டும், தானாக விழக் கூடாது, போன பிறகு ஆடக் கூடாது. துளை சிறுத்தால் ரிவெட் போகாது, அது உடனே தெரிந்துவிடும். துளை பெருத்தால் எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும். தலை மூடிவிடும். உள்ளே ரிவெட் துளையை நிரப்பாமல் நிற்கும், காற்று அடித்து அடித்துத் தகடு அதில் தேயும்.

துளை போடுவதற்கு அங்கே தனிப் பரீட்சை. பேப்பரில் எழுத வேண்டும். உன் அப்பா எட்டாவது படித்தவர், எழுதி பாஸானார். நான் பயந்துகொண்டு எழுதவில்லை. என் வேலை பிசிறு எடுப்பது, கவ்வி போடுவது, அவர் துளைத்த பிறகு ரிவெட் இழுப்பது. டிரில்லை நான் தொடக் கூடாது. தொட்டால் என் வேலையும் போகும், அவர் வேலையும் போகும். அதனால் அவர் எழுந்து போகும்போதெல்லாம் பிட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். "உன் கை சும்மா இருக்காதுமே" என்பார்.

நான் அந்தத் துளைகளைப் போட்டதற்கு முந்தின நாள் அவருடைய பழைய தோஸ்து ஒருவரை மூலக்கொத்தளத்தில் அடக்கம் பண்ணினார்கள். அங்கே போய்விட்டுக் குடித்தார். அவர் குடிப்பார் என்பது உனக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. காலையில் தலை பாரத்தோடு வந்து, ஒரு தகட்டில் முதல் வரிசை இருபத்திரண்டு துளையும் போட்டார். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சாஞ்சிட்டு வரேன்மே" என்று கம்ப்ரசர் ரூம் பின்னால் போய்ப் படுத்தார். சூப்பர்வைசர் கேட்டில் லாரிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் வேலை பாதியில் நிற்கும், ஆள் தூங்குவது தெரியும். அதனால்தான் நான் டிரில்லை எடுத்தேன். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றப் போனேன் என்று ஏழு வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், அது ஒட்டவில்லை. உண்மையில் எனக்கு ஆசையும் இருந்தது. என்னாலும் முடியும் என்று எனக்குத் தெரியும்.

டிரில்லில் பிட் இல்லை, அது அவர் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய தோள்பையில் மாதவரத்து டப்பா ஒன்று எப்போதும் கிடக்கும், அதில் பஸ் ஷெட்டில் வைத்திருந்த பிட்டுகள். சொந்த பிட் கொண்டு வரக் கூடாது என்று சட்டம், அவரும் அதை எடுத்து வேலை செய்ததில்லை, பழக்கத்தில் சுமந்துகொண்டிருந்தார். நான் அதைத் திறந்து, கண்ணுக்கு அதே மாதிரி இருந்த ஒன்றை எடுத்தேன். காம்பில் இருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. பிட்டை நுழைத்து அளவு பார்க்கிற தகடு சுவரில் மாட்டியிருந்தது, பத்தடி தூரம். ஹெல்பர் கையில் பிட்டோடு அங்கே போய் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று போகவில்லை. ஒரு துளை போட்டு ரிவெட்டை மேலே வைத்தேன். தானாக உள்ளே விழுந்தது. பஸ் ஷெட்டில் கற்ற கை, அதற்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு விரல் நுனியால் தலையைத் தட்டினேன். ஆடியது.

கண்ணு, இந்த இடத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. ஆடியது என்பது என் விரலுக்குத் தெரிந்தது. அது மூன்றரை மில்லி பிட். கால் மில்லி, நாலு தலைமுடி சேர்த்து வைத்தால் வரும் கனம். அந்த ஒரு துளையோடு நிறுத்தியிருந்தால், அதற்குப் பெரிய ரிவெட் அடித்துச் சரி செய்ய வழி இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் அனுமதிப்பார்கள். ஒன்று போட்டாச்சே, மீதியும் அதே மாதிரி இருக்கட்டும் என்று இருபத்திரண்டும் போட்டேன். உடனே ரிவெட்டையும் இழுத்து மூடினேன். பிட்டைத் துடைக்காமல் டப்பாவில் போட்டு, டப்பாவை அவர் தோள்பையில் வைத்தேன்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். தகட்டைப் பார்த்து, "இன்னாமே, ரெண்டாவது வரிசயும் முடிஞ்சிகீது?" என்றார்.

திட்டுவார் என்ற பயத்தில், "நீதான்யா போட்ட. போட்டுட்டுத்தான போயி படுத்த" என்றேன்.

"மெய்யாலுமா? நெனப்பே இல்லியே."

"ஊத்திகினு வந்தா எப்பிடி நெனப்பு இருக்கும்."

அவர் குனிந்து வரிசையைப் பார்த்தார், சிரித்தார். "தூக்கத்துலகூட கோடு தப்பல பாரு. இன்னா கைமே இது." பெருமையை அப்புறம் வைத்துக்கொள், கையெழுத்தைப் போடு என்று வேலைச் சீட்டை நான்தான் நீட்டினேன். அவர் போட்டார்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு செக்கிங் சார் வந்தார். விரலால் தடவிக்கொண்டே போனவர், ஒரு ரிவெட்டின் தலை லேசாகச் சாய்ந்திருந்த இடத்தில் நின்றார். அதன் தலையைத் துளைத்து எடுத்துத் தட்டித் தள்ளிவிட்டு, துளையின் அளவு பார்க்கும் கேஜில், சரியான துளைக்குள் போகக் கூடாத முனையை விட்டுப் பார்த்தார். போய்விட்டது. இரண்டாவது வரிசை முழுக்கத் திறந்தார்கள். யார் துளைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, சீட்டில் கையெழுத்து இருந்தது. அப்பாவின் மூச்சில் வாடையும் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து முப்பதை எடுத்துக் காட்டி, "இதுலதான் சார் போட்டேன்" என்றார். தோள்பையைக் கொட்டச் சொன்னார்கள். டப்பாவில் அந்த பிட் இருந்தது, அலுமினியச் சுருள் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நான்தான் போட்டிருப்பேன் சார். நெனப்பு இல்ல" என்றார். நான் பிசிறு எடுக்கிற கத்தியோடு இரண்டு முழம் தள்ளி நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தகட்டைச் சிவப்பு பெயின்ட் அடித்து வெட்டிப் போட்டார்கள், அது பறக்கவில்லை. நான் வேறு எதிலும் அப்படிச் செய்யவில்லை, இதையாவது நம்பு. அன்றே அவரை வெளியே அனுப்பினார்கள். நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். வீட்டுக்கு வந்து கேள்விப்பட்டு, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அவரைக் கேட்டாய்: "ஒரு ஆளு அதுல மேல போவான்பா. பஸ்ஸா அது, நின்னுட்டா எறங்கித் தள்ள?" அவர், "தெரியும்பா" என்றார். அன்றிலிருந்து அவர் உள்ளே வந்தால் நீ எழுந்து வெளியே போவாய். நான் உனக்குத் தனியாகச் சோறு எடுத்து வைத்தேன்.

இரண்டு பேருக்கும் வேலை போனால் உன் படிப்பு நின்றுவிடும், அதனால் வாயை மூடினேன் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அது பட்டறைக்குச் சரி. வீட்டில் அவரிடம் சொல்ல என்ன தடை? சொல்லலாம் என்று இருந்தபோதுதான் அவர் குடியை விட்டார். ஒரே நாளில் விட்டார். எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன், எந்தச் சாமிக்கெல்லாம் வேண்டியிருப்பேன். விடாதவர், தன் கை தனக்குத் தெரியாமல் ஓர் உயிரை எடுக்கப் பார்த்தது என்று பயந்து விட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் திரும்பப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு பொய்யால் நல்லது நடந்துவிட்டது, அதைக் கலைப்பானேன் என்று இருந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் "உன் வூட்டுக்காரு திருந்திட்டாரு" என்று சொன்னபோது, என் கெட்டிக்காரத்தனத்தால் நடந்தது மாதிரி உள்ளுக்குள் நிமிர்ந்துகொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். எண்ணூரில் கன்டெய்னர் யார்டு கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார் இல்லையா, அங்கே உடன் வேலை செய்தவர்கள் குடிக்கக் கூப்பிடுவார்கள். கல்யாணம், சாவு என்று சில நாள் அவருக்கு மனசு அலையும், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நான் உள்ளேயிருந்தபடியே, "இன்னாய்யா, அந்த இருவத்திரெண்டு ஓட்ட மறந்துபோச்சா?" என்பேன். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்காருவார். ஒரு தடவை இல்லை கண்ணு. பத்து, இருபது தடவை இருக்கும். நான் போட்ட துளையை வைத்து நான் அவரை அடித்தேன். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

இதற்கு நடுவில் என்னையே அந்தப் பட்டறையில் வாய்மொழியாகப் பரீட்சை வைத்துத் துளை போட எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வரும் பெண்களுக்கு அளவுத் தகட்டில் பிட்டை நுழைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள் என்று சொல்லிக் கொடுப்பது நான்தான். "அக்கா எவ்ளோ கரெக்டு" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அவர் கேட்பார், கோபமாக இல்லை, கணக்கு போடுகிற மாதிரி: "முப்பது என் பாக்கெட்டுல இருந்துச்சு. அப்போ நான் டப்பாவ தொறந்திருக்கணும். இன்னாத்துக்குமே தொறந்தேன்?" விடுய்யா, போனது போச்சு என்பேன். ஆஸ்பத்திரியில் மார்வலியோடு படுத்திருந்தபோது, நீ பெங்களூரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன் என்று போன் பண்ணிய பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதைத்தான் கேட்டார். "அந்த ரெண்டாவது வரிசய எப்பமே போட்டேன் நானு?" பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நானும் அவரும் மட்டும்தான். "இப்போ இன்னாத்துக்கு அது, தூங்கு" என்றேன். நீ வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சில்லை. நீ அவர் காலடியில் நின்றாய், தலைமாட்டுக்கு வரவில்லை. வராததற்கு நான்தான் காரணம், நீ இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பட்டறை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார், சத்தம் போடுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா, அது எப்பவோ நடந்தது. ஆளும் இல்ல. இன்னாத்துக்கு இப்போ கிளறிகினு" என்றார். போய் வேலையைப் பார் என்றார். போய்ப் பார்த்தேன். டிரில்லைப் பிடித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த உலகத்தில் அந்த இருபத்திரண்டு துளைக்காக வருத்தப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் நீ. அவரிடம் சொல்லும் நேரத்தை நான் தின்றுவிட்டேன்.

கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் என்ன சொல்வது. ரேவதியிடம் எதையாவது மறைத்துவிட்டால், அதனால் நல்லது நடக்கிற மாதிரி தெரியும்போது ரொம்பப் பயப்படு. அப்போதுதான் சொல்லவே முடியாமல் போகும். உன் வேலையில் தப்பான துளை அகப்பட்டால், கையெழுத்தைப் பார், பிட்டைப் பார், எல்லாம் பார். ஆனால் வாடை அடிக்கிற ஆளோடு விசாரணையை முடித்துவிடாதே. பக்கத்தில் பிசிறு எடுத்துக்கொண்டு நிற்கிறவளையும் ஒரு வார்த்தை கேள். அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருக்கலாமே என்று இன்னும் நினைக்கிறேன் பார், இதிலும் குற்றத்தை மற்றவர் தலையில்தான் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி வீட்டுக்குப் போகிறேன். அவள் அப்பாவிடம் நானே சொல்லப் போகிறேன். நீ தடுத்தாலும் போவேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், உனக்கு அதில் பங்கில்லை.

இன்று காலையில் ராயபுரத்தில் பத்திரிகை அடிக்கும் கடைக்குப் போய் வந்தேன். நாளைக்கு அச்சுக்குப் போகிறது என்றார் கடைக்காரர். நிறுத்தச் சொன்னேன். மாப்பிள்ளை பக்கம் அப்பா பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று சொல்லி, அவர் பெயரை இன்ஷியலோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "ஆளு இருக்காராம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ முன்னாடி அமரர்னு போட்டுட்றேன். கீழ உங்க பேரு அப்பிடியே இருக்கட்டுமா?"

"அத பையன் சொல்லுவான், அது வரைக்கும் எடத்த வுட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா